எம்பிபிஎஸ் விண்ணப்பம்: நீட் மதிப்பெண் எப்படி இடமாக மாறுகிறது?

நீட் முடிவு வந்ததும் தமிழ்நாட்டு வீடுகளில் எழும் முதல் கேள்வி, "இந்த மதிப்பெண்ணுக்கு இடம் கிடைக்குமா?" என்பதுதான். மதிப்பெண்ணை மட்டும் வைத்து இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில் ஒருவர் அரசு மருத்துவக் கல்லூரியில் சேருவார்; மற்றவர் அடுத்த ஆண்டுத் தேர்வுக்குத் தயாராவார். அவர்கள் எந்த ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தார்கள், எந்தச் சான்றிதழ் கையில் இருந்தது, கல்லூரிகளை எந்த வரிசையில் கேட்டார்கள் என்பவையே அந்த வேறுபாட்டை உண்டாக்குகின்றன. தேர்வறையை விட்டு வெளியே வந்த பிறகு மதிப்பெண்ணை மாற்ற வழியில்லை. மீதி மூன்றும் மாணவரின் கையில் இருக்கின்றன. பலர் இடத்தை இழப்பதும் இவற்றில்தான்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மருத்துவப் படிப்புக்கான விண்ணப்பம் என்றால் தன்னைப் பற்றிய கட்டுரையும் நேர்காணலும் அதில் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் நீட் வருவதற்கு முன் தனித் தேர்வு வைத்து, நேர்காணல் நடத்தித்தான் மாணவர்களைத் தேர்ந்தெடுத்தது. இன்று அங்கும் நீட் தரவரிசையின்படி கலந்தாய்வு வழியாகவே சேர்க்கை நடக்கிறது. ஆர்வத்தையோ சேவை மனப்பான்மையையோ எழுதிக் காட்ட இப்போதைய விண்ணப்பத்தில் ஒரு பெட்டிகூடக் கிடையாது. இங்கே பலமான விண்ணப்பம் என்பது பிழையற்றது. சரியான பிரிவில் பதிவானது. ஒவ்வொரு உரிமைக்கும் சான்று உடையது.

தகுதி, தரவரிசை, கட்-ஆஃப்

இந்த மூன்று சொற்களும் ஒன்றோடொன்று குழம்புவதால் முதலில் இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நீட் தேர்வுக்கு மொத்தம் 720 மதிப்பெண். 180 கேள்விகளில் உயிரியலுக்கு 90, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 45. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 குறையும்.

1. தகுதி மதிப்பெண்: பொதுப் பிரிவினர் 50ஆவது சதமானத்தை எட்ட வேண்டும். அதாவது, தேர்வெழுதியவர்களில் பாதிப் பேரையாவது முந்தியிருக்க வேண்டும். ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு இது 40ஆவது சதமானம். 2025ஆம் ஆண்டு பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் 144. அந்த ஆண்டு தேர்வெழுதிய சுமார் 22 லட்சம் பேரில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றார்கள். நாடு முழுவதும் உள்ள எம்பிபிஎஸ் இடங்களோ ஏறத்தாழ 1.2 லட்சம். 'குவாலிஃபைடு' என்ற சொல்லைப் பார்த்து மகிழும் பெற்றோர் இந்த விகிதத்தை அறிந்திருக்க வேண்டும்: ஓர் இடத்துக்குத் தகுதியானவர்கள் பத்துப் பேர்.

2. தரவரிசை: இடத்தைத் தீர்மானிப்பது இதுதான். அகில இந்தியத் தரவரிசை ஒன்று. மாநில ஒதுக்கீட்டுக்குத் தமிழ்நாடு தனியாக வெளியிடும் தரவரிசைப் பட்டியல் இன்னொன்று. அதற்குள் சமூகப் பிரிவு வாரியான வரிசையும் இருக்கும். இருவர் சம மதிப்பெண் பெற்றால் முதலில் உயிரியல், பிறகு வேதியியல், பிறகு இயற்பியல் மதிப்பெண்கள் ஒப்பிடப்படும்.

3. கட்-ஆஃப்: ஒரு கல்லூரியில் ஒரு பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண். கலந்தாய்வு முடிந்த பிறகே இது தெரியவரும். யாரும் முன்கூட்டி நிர்ணயிப்பதில்லை.

கடந்த ஆண்டு கட்-ஆஃப் மதிப்பெண்ணை இந்த ஆண்டுக்குப் பொருத்திப் பார்ப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை 2024, 2025 ஆண்டுகள் காட்டிவிட்டன. 2024இல் முதலில் வெளியான முடிவில் 67 பேர் 720க்கு 720 பெற்றிருந்தார்கள். திருத்தப்பட்ட முடிவில் 17 பேர். 2025இல் வினாத்தாள் கடினமாக இருந்ததால் நாட்டின் முதலிடமே 686தான். அந்த ஆண்டு 650ஐத் தாண்டியவர்கள் நூறு பேர்கூட இல்லை. முந்தைய ஆண்டு அதே மதிப்பெண்ணைத் தாண்டியவர்கள் பல்லாயிரம் பேர். ஆகவே பழைய பட்டியல்களில் ஒப்பிட வேண்டியது தரவரிசையை. "சென்ற ஆண்டு இந்தக் கல்லூரி எத்தனையாவது தரவரிசையோடு முடிந்தது?" என்று தேடினால் பயனுள்ள விடை கிடைக்கும்.

இரண்டு வாசல்கள், இரண்டு சட்டங்கள்

ஒரு மாணவர் ஒரே நீட் மதிப்பெண்ணை வைத்து இரண்டு கலந்தாய்வுகளில் கலந்துகொள்ளலாம்.

முதலாவது, மத்திய சுகாதாரத் துறையின் கீழ் இயங்கும் மருத்துவக் கலந்தாய்வுக் குழு, அதாவது எம்சிசி நடத்துவது. மாநில அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத இடங்கள் இதில் வருகின்றன. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளால் 1980களில் உருவான இந்தப் பங்கைத்தான் அகில இந்திய ஒதுக்கீடு என்கிறோம். எய்ம்ஸ், ஜிப்மர், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் இடங்களும் இதே குழுவிடம் உள்ளன. எய்ம்ஸும் ஜிப்மரும் தனித் தேர்வு நடத்திய காலம் 2019ஆம் ஆண்டுச் சேர்க்கையோடு முடிந்துவிட்டது.

இரண்டாவது, சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்தும் மாநிலக் கலந்தாய்வு. அரசுக் கல்லூரிகளின் 85 சதவீத இடங்களும், சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் இங்கே நிரப்பப்படுகின்றன. அதே சுயநிதிக் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டையும் இதே குழுதான் நிரப்புகிறது. ஆனால் அதற்குத் தனி விண்ணப்பம், தனித் தரவரிசை.

எம்சிசியில் பதிவு செய்தால் மாநிலத்துக்கும் சேர்த்துப் பதிவாகிவிடும் என்று நினைத்து மாநில விண்ணப்பத்தைத் தவறவிடுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். இரண்டும் தனித்தனி இணையதளங்கள், தனித்தனிக் கடைசித் தேதிகள்.

இரண்டு வாசல்களிலும் இடஒதுக்கீட்டுச் சட்டமே வேறு. குழப்பத்தின் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது.

மாநிலக் கலந்தாய்வில் 69 சதவீத ஒதுக்கீடு: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 18 (இதில் அருந்ததியருக்கு 3), பழங்குடியினர் 1. மீதி 31 சதவீதம் பொதுப் போட்டி. பிற்படுத்தப்பட்டோருக்கு இங்கே வருமான வரம்பு கிடையாது.

அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓபிசி 27, எஸ்சி 15, எஸ்டி 7.5, பொருளாதாரத்தில் பின்தங்கிய பொதுப் பிரிவினர் 10 சதவீதம். ஓபிசி பிரிவில் 'கிரீமி லேயர்' எனப்படும் வசதி படைத்தோருக்கு இடமில்லை. 10 சதவீத ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு மாநில இடங்களில் நடைமுறைப்படுத்தவில்லை. அது எம்சிசி கலந்தாய்வில் மட்டுமே பயன்படும்.

இதன் விளைவுகள்:

1. மாநிலத்தில் பிசி அல்லது எம்பிசி என்பதால் மத்தியிலும் தானாக ஓபிசி ஆகிவிட முடியாது. அந்தச் சாதி மத்திய ஓபிசி பட்டியலில் இருக்க வேண்டும். குடும்பம் கிரீமி லேயர் வரம்புக்குள் வராததாகவும் இருக்க வேண்டும்.

2. மாநிலத்தின் நிரந்தர சாதிச் சான்றிதழை எம்சிசியில் ஓபிசிக்காகக் காட்ட முடியாது. மத்திய அரசு வடிவத்தில், அந்த நிதியாண்டில் வாங்கிய ஓபிசி சான்றிதழ் வேண்டும். நீட் விண்ணப்பம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் நிரப்பப்படுகிறது. நிதியாண்டோ ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. விண்ணப்பிக்கும்போது வாங்கிய சான்றிதழ் கலந்தாய்வு வருவதற்குள் காலாவதியாகிவிடும். ஏப்ரலில் புதிதாக விண்ணப்பிப்பதே சரி.

3. மத்தியில் ஓபிசி தகுதி இல்லாத பிசி மாணவர் நீட் படிவத்தில் பொதுப் பிரிவைக் குறிக்க வேண்டும். அதனால் அவரது மாநில உரிமை குறையாது. மாநில விண்ணப்பத்தில் அவர் பிசி என்றே பதிவு செய்துகொள்ளலாம்.

4. ஒதுக்கீட்டுப் பிரிவைக் குறிப்பதால் பொதுப் போட்டி இடம் பறிபோகாது. உயர்ந்த தரவரிசை பெற்ற பிசி, எம்பிசி, எஸ்சி மாணவர்கள் பொதுப் போட்டி இடங்களைத் தங்கள் மதிப்பெண்ணாலேயே பெறுகிறார்கள். இதை அறியாமல், "நல்ல மதிப்பெண்தானே, சாதியைக் குறிக்க வேண்டாம்" என்று விடுகிற குடும்பங்கள் தங்களுக்குரிய ஒரு பாதுகாப்பைத் தாங்களே கைவிடுகின்றன.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதம்

மேலே சொன்ன எஸ்டி 7.5 சதவீதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது 2020ஆம் ஆண்டு தமிழ்நாடு இயற்றிய சட்டத்தின்படி வந்த உள் ஒதுக்கீடு. மாநில இடங்களுக்கு மட்டுமே உரியது. நீட் கட்டாயமான பிறகு அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குச் செல்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்ததால் இந்தச் சட்டம் தேவைப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் இதை உறுதி செய்தது. இந்த வழியில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. சுயநிதிக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை நினைத்துப் பின்வாங்க வேண்டியதில்லை.

6ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பதே நிபந்தனை. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலத்துறை, பழங்குடியினர் நலத்துறை, கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளிகள் அடங்கா. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் 8ஆம் வகுப்பு வரை படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு மாறியவர்களுக்கும் வாய்ப்பு உண்டு.

இந்த உரிமையை நிலைநாட்டுவது தலைமையாசிரியர் தரும் படிப்புச் சான்றிதழ். எந்த வகுப்பு, எந்தப் பள்ளி, எந்த ஆண்டு என்ற விவரம் ஆண்டு விடாமல் அதில் இருக்க வேண்டும். இடையில் பள்ளி மாறியவர் ஒவ்வொரு பள்ளிக்கும் போய் வாங்க வேண்டும். கோடை விடுமுறையில் பள்ளி அலுவலகம் திறந்திருக்கும் நாள்கள் குறைவு என்பதால், பிளஸ் டூ தேர்வு தொடங்குவதற்கு முன்பே இதைக் கையில் வாங்கிவிடுவது நல்லது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பிப்ரவரியிலேயே இந்தச் சான்றிதழை மொத்தமாகத் தயார் செய்து கொடுத்தால், வழிகாட்ட வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைகளுக்கு அது பேருதவி.

சான்றிதழ்கள்: எதற்கு நேரம் எடுக்கும்?

10, 11, 12ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், நீட் நுழைவுச் சீட்டு, மதிப்பெண் அட்டை ஆகியவை எல்லோரிடமும் இருக்கும். சிக்கல் தருபவை வேறு.

1. பெயர். நம் ஊரில் இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், இன்னோரிடத்தில் தந்தை பெயராக விரிந்து நிற்கும். 10ஆம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் பிறந்த தேதியுமே அடிப்படை. ஆதார், சாதிச் சான்றிதழ், நீட் படிவம் மூன்றும் அதோடு ஒத்துப்போக வேண்டும். ஆதாரைத் திருத்த வேண்டுமென்றால் பிளஸ் ஒன் படிக்கும்போதே திருத்திவிடலாம்.

2. சாதிச் சான்றிதழ். இ-சேவை வழியாக விண்ணப்பித்து மின் கையொப்பத்துடன் பெற்றது இருந்தால் சரிபார்ப்பு எளிது. பழங்குடியினருக்கு இதை வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர், வருவாய்க் கோட்டாட்சியர். கள விசாரணை நடப்பதால் மாதக்கணக்கில் இழுக்கக்கூடும். மலைக் கிராமப் பிள்ளைகள் 11ஆம் வகுப்பிலேயே தொடங்கிவிட வேண்டும். பிற மாநிலங்கள் வழங்கிய சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது.

3. இருப்பிடம். 6 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படித்தவருக்கு இதில் பெரிய வேலையில்லை. இடையில் இரண்டு ஆண்டு பெங்களூரிலோ துபாயிலோ படித்திருந்தால், 'நேட்டிவிட்டி' என்று அலுவலகங்களில் சொல்லப்படும் இருப்பிடச் சான்றிதழும், பெற்றோர் இந்த மாநிலத்தவர் என்பதற்கான ஆவணங்களும் தேவைப்படும். இரண்டு மாநிலங்களில் ஒரே நேரத்தில் இருப்பிட உரிமை கோருவது குற்றம். கண்டுபிடிக்கப்பட்டால் இடம் ரத்தாகும்.

4. முதல் பட்டதாரி சான்றிதழ். இது கட்டணச் சலுகைக்கானது, தரவரிசையை மாற்றாது.

5. மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டுக்கு, அதற்கென அங்கீகரிக்கப்பட்ட மையங்களின் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். உள்ளூர் மருத்துவமனை தரும் சான்று போதாது.

படிவம் நிரப்பும்போது

பெரும்பாலான குடும்பங்கள் பிரவுசிங் சென்டரில்தான் விண்ணப்பிக்கின்றன. அதில் தவறில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவரின் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் படிவத்தில் கொடுத்துவிட்டால், அடுத்த ஆறு மாதங்களுக்கு ஒவ்வொரு ஓடிபிக்கும் அவரைத் தேடி ஓட வேண்டியிருக்கும். கலந்தாய்வில் கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கக் கிடைப்பது சில நாள்கள்தான். எண்ணும் மின்னஞ்சலும் குடும்பத்துடையதாக இருக்க வேண்டும். கடவுச்சொல்லை வீட்டு நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும்.

நீட் படிவத்தில் பதிவேற்றும் அதே புகைப்படத்தில் குறைந்தது பத்துப் பிரதிகள் எடுத்து வைக்கவும். தேர்வறையிலும், கலந்தாய்விலும், கல்லூரியில் சேரும் நாளிலும் அதையே கேட்பார்கள். விண்ணப்பம் முடிந்ததும் சில நாள்கள் திருத்த வாய்ப்பு தருவார்கள். எல்லாப் பகுதிகளையும் அப்போது திருத்த முடியாது. பிரிவு, பிறந்த தேதி, பெயர் ஆகிய மூன்றையும் அனுப்புவதற்கு முன் இன்னொருவர் உரக்கப் படித்துச் சரிபார்ப்பது பல பிழைகளைத் தவிர்க்கும்.

கல்லூரி வரிசை: பயம் செய்யும் தவறு

கலந்தாய்வில் ஒரு மாணவர் விரும்பும் கல்லூரிகளை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தித் தருகிறார். கணினி தரவரிசையின் முதல் மாணவரிடமிருந்து தொடங்குகிறது. ஒரு மாணவரின் முறை வரும்போது அவருடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. அவருக்குத் தகுதியுள்ள பிரிவில் இடம் மீதமிருக்கும் முதல் கல்லூரியை ஒதுக்கிவிட்டு அடுத்த மாணவருக்குப் போகிறது. இவ்வளவுதான் முறை.

திருநெல்வேலி மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய உண்மையான விருப்பம்: சென்னை ஸ்டான்லி, மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி. "ஸ்டான்லியை முதலில் போட்டால் கிடைக்காது, அதற்குள் திருநெல்வேலியும் போய்விடும்" என்று யாரோ சொல்ல, திருநெல்வேலியை முதலிடத்தில் வைக்கிறார். அவருடைய முறை வரும்போது மதுரையில் இடம் இருந்தாலும் கணினி அதைப் பார்க்காது. முதலில் இருக்கும் திருநெல்வேலியைத் தந்துவிடும். மாறாக ஸ்டான்லியை முதலில் வைத்திருந்தால் என்ன இழப்பு? எதுவும் இல்லை. அங்கே இடமில்லையென்றால் அதே நொடியில் மதுரை, அதே நொடியில் திருநெல்வேலி. திருநெல்வேலி இடத்தை, அதை முதல் விருப்பமாகக் கேட்ட ஒருவர் இவரை முந்திக்கொண்டு பெற முடியாது. தரவரிசையில் இவருக்கு மேலே இருப்பவரால் மட்டுமே முடியும்.

எனவே வரிசை என்பது ஆசையின் வரிசையாகவே இருக்கட்டும். கிடைக்கும் வாய்ப்பைக் கணக்கிட வேண்டியது பட்டியலின் நீளத்துக்காக: தரவரிசை குறைவாக உள்ளவர் நான்கைந்து கல்லூரிகளோடு நிறுத்தக் கூடாது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர், நாமக்கல், நீலகிரி, அரியலூர், இராமநாதபுரம் உள்ளிட்ட 11 அரசுக் கல்லூரிகளை ஊர் தூரம் என்று விட்டுவிட்டுப் பின்னர் வருந்துவதில் பொருளில்லை. படிப்பும் பட்டமும் அதே எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்துடையவை.

பட்டியலில் சேர்க்கக் கூடாதது ஒன்று உண்டு: கட்டணம் கட்ட முடியாத கல்லூரி. அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில் முடிகிறது. சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டுக்கே லட்சங்கள் ஆகும். நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் அதைப் போல் சில மடங்கு. விடுதி, பேருந்து, இதரக் கட்டணங்கள் என்று கல்லூரி கேட்பவற்றையும் சேர்த்து ஐந்து ஆண்டுக்குக் கணக்குப் போட்ட பிறகே அந்தப் பெயரைப் பட்டியலில் எழுத வேண்டும். "கலந்தாய்வு இல்லாமலே இடம் வாங்கித் தருகிறேன்" என்று வருபவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். தனியார் கல்லூரியின் நிர்வாக இடம் உட்பட எல்லா எம்பிபிஎஸ் இடங்களும் கலந்தாய்வு வழியாகவே நிரப்பப்பட வேண்டும் என்பதே சட்டம்.

சுற்றுகளின் விதிகள்

எம்சிசியின் கலந்தாய்வு நான்கு சுற்றுகளாக நடக்கிறது. அகில இந்திய ஒதுக்கீட்டுக்குத் திரும்பப் பெறத்தக்க வைப்புத்தொகை பொதுப் பிரிவுக்கு 10,000 ரூபாய், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5,000 ரூபாய். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு 2 லட்சம் ரூபாய். சுற்று ஏற ஏற விதி இறுகுகிறது.

1. முதல் சுற்றில் இடம் கிடைத்தும் சேராவிட்டால் இழப்பு எதுவும் இல்லை.
2. இரண்டாம் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராவிட்டால் வைப்புத்தொகை போய்விடும்.
3. மூன்றாம் சுற்றில் சேர்ந்தவர் அந்த இடத்தை விட்டு விலக முடியாது.
4. கடைசிச் சுற்றில் இடம் பெற்றும் சேராதவர் வைப்புத்தொகையோடு, அடுத்த ஆண்டு நீட் எழுதும் உரிமையையும் இழப்பார்.

மாநிலக் கலந்தாய்வுக்குத் தனி விதிகளும், சேர்ந்த பின் விலகுவோருக்கான அபராதமும் உண்டு. இவை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், தேர்வுக் குழு வெளியிடும் அந்த ஆண்டின் தகவல் தொகுப்பேட்டை முழுதாகப் படித்தாக வேண்டும். சென்ற ஆண்டு சேர்ந்த அண்ணனோ அக்காவோ சொன்னதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

முதல் சுற்றில் ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டு, இன்னும் நல்ல கல்லூரிக்காக அடுத்த சுற்றில் விருப்பம் தெரிவிக்கலாம். எம்சிசியில் இந்த விருப்பத்தைக் கல்லூரியில் சேரும்போதே சொல்லியாக வேண்டும். அடுத்த சுற்றில் புதிய இடம் ஒதுக்கப்பட்ட உடனே பழைய இடம் தானாக ரத்தாகி வேறொருவருக்குப் போய்விடும். பிடிக்கவில்லை என்று திரும்பி வர முடியாது. எனவே இரண்டாம் சுற்றுக்கான பட்டியலில், இப்போது கையில் இருக்கும் கல்லூரியைவிட உண்மையாகவே அதிகம் விரும்புகிற கல்லூரிகளை மட்டும் வைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் நீக்கிய பிறகே பட்டியலை உறுதி செய்ய வேண்டும்.